உருட்டின இரும்பும் காய்ச்சி ஆறவிட்ட இரும்பும்: உள்ளே நடப்பதை நீங்களே பார்க்க ஒரு வழி

திருகோணமலையில் எந்த ஹாட்வெயார் கடைக்குப் போனாலும் இரண்டு சாமான் கட்டாயம் இருக்கும்: கம்பியாணியும் கட்டுக்கம்பியும். இரண்டிலும் கொஞ்சம் வாங்குங்கள். கட்டுக்கம்பியை விரலாலேயே வளைத்து முடிச்சுப் போடலாம், ஏறத்தாழ அதே பருமன் உள்ள சின்ன ஆணியை விரலால் அசைக்கவே முடியாது. ஆணி நல்ல இரும்பு, கட்டுக்கம்பி மலிவு இரும்பு என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இரண்டும் காபன் குறைந்த மெல்லுருக்குத்தான், இரண்டும் சூடாக்காமல் இழுத்துக் கம்பியாக்கப்பட்டவைதான். கட்டுக்கம்பியைக் கடைசியில் சூளையில் காய்ச்சி மெல்ல ஆறவிட்டிருக்கிறார்கள், ஆணியை அப்படிச் செய்யவில்லை, அவ்வளவுதான். அந்த வித்தியாசம் முழுக்க உள்ளே இருக்கும் மணிகளில் இருக்கிறது.

உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பவியல் எடுத்த பிள்ளைகள், தொழில்நுட்பக் கல்லூரிக்குப் புதிதாகப் போகிறவர்கள், வெல்டிங் பட்டறையில் வேலை பழகுகிறவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். புத்தகத்தில் "உருட்டினால் மணி நீளும், காய்ச்சி ஆற்றினால் புது மணி பிறக்கும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பாடமாக்கி எழுதினால் புள்ளி வரும், ஆனால் கையால் செய்து கண்ணால் பார்த்தவருக்கு வரும் தெளிவு அதில் வராது. இங்கே சொல்வதில் பாதியை வீட்டு முற்றத்தில் செய்யலாம், மிச்சத்துக்குக் கல்லூரி ஆய்வுகூடத்தின் உதவி வேண்டும்.

முதலில் மணி என்றால் என்ன

உருக்கைப் பார்த்தால் ஒரே கட்டியாகத்தான் தெரியும். ஆனால் அது கோடிக்கணக்கான சின்னச் சின்னப் பளிங்குகள் நெருக்கமாக ஒட்டியிருக்கும் கூட்டம். அந்தப் பளிங்கு ஒவ்வொன்றையும் மணி என்கிறோம். ஒரு மணிக்குள் அணுக்கள் ஒரே திசையில் வரிசையாக நிற்கும், பக்கத்து மணியில் அந்த வரிசை வேறு பக்கம் திரும்பியிருக்கும், இரண்டும் சந்திக்கும் இடம் மணி எல்லை. சாதாரண மெல்லுருக்கில் ஒரு மணி பத்து முதல் முப்பது மைக்ரோமீற்றர் வரை இருக்கும், அதாவது ஒரு மில்லிமீற்றர் நீளத்துக்குள் நாற்பது ஐம்பது மணி வரிசையாக நிற்கலாம். இதை முதன்முதலில் நுணுக்குக்காட்டியில் ஒழுங்காகப் பார்த்தவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சோர்பி, 1860களில். உருக்கை மினுக்கி, அமிலத்தால் லேசாக அரிக்கவிட்டு, மேலிருந்து வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நாம் இப்போது செய்யப் போவதும் அதே வேலைதான்.

மெல்லுருக்கில் இரண்டு வகை மணி தெரியும். வெள்ளையாகத் தெரிவது ஃபெரைட், கிட்டத்தட்டச் சுத்த இரும்பு, மெதுவானது. கருமையாகத் தெரிவது பியர்லைட். ஃபெரைட்டும் சிமென்டைட் என்கிற கடினமான இரும்புக் காபைட்டும் மெல்லிய தட்டுத் தட்டாக மாறிமாறி அடுக்கியிருப்பதால் அது கருமையாகத் தெரிகிறது. காபன் 0.1 வீதம் என்றால் பெரும்பகுதி வெள்ளை, அங்கங்கே கருமை. காபன் 0.8 வீதத்தை நெருங்கினால் முழுக்கப் பியர்லைட். ஒரு வெப்பநிலையை மட்டும் இப்போதே மனதில் பதித்துவிடுங்கள்: 727 பாகை செல்சியஸ். அதற்கு மேலே போனால் பியர்லைட் கரைந்து ஒஸ்டெனைட் என்கிற வேறு அமைப்பாக மாறத் தொடங்கும். 727க்குக் கீழே காய்ச்சுவதும் மேலே காய்ச்சுவதும் இரண்டு வேறு வேலை.

சூட்டில் உருட்டுவது, குளிரில் உருட்டுவது

பெரிய ஆலையில் 200, 250 மில்லிமீற்றர் தடித்த பாளத்தை 1200 பாகைக்கு மேல் சூடாக்கி, உருளைகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப விட்டு இரண்டு மூன்று மில்லிமீற்றர் தகடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் மணி நசுங்கும், நசுங்கின உடனேயே அதன் இடத்தில் புது மணியும் பிறக்கும். உருட்டலும் காய்ச்சலும் ஒரே நேரத்தில் நடப்பதுபோலத்தான். அதனால் இப்படிச் சூட்டில் உருட்டின ஹொட் றோல் தகட்டை வெட்டிப் பார்த்தால் மணிகள் எல்லாப் பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவாகத்தான் இருக்கும், நீண்டிருக்காது. பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள், "உருட்டினால் மணி நீளும்" என்ற பாடத்தை எல்லா உருட்டலுக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். ஆனால் ஹொட் றோல் தகட்டில் பியர்லைட் சில வேளை உருட்டின திசையில் கோடு கோடாக நிற்கும். வார்க்கும்போதே மங்கனீசு ஒரு சீராகக் கலக்காமல் அங்கங்கே கூடிக் குறைந்து உறைந்திருக்கும், உருட்டும்போது அந்த இடங்கள் இழுபட்டு நீளும், ஆறும்போது பியர்லைட் அந்தக் கோடுகளிலேயே போய் உட்காரும். கோட்டைப் பார்த்து "இது குளிரில் உருட்டின கோல்ட் றோல்" என்று சொல்லிவிடாதீர்கள், வெள்ளை மணியின் வடிவத்தைப் பாருங்கள்.

கோல்ட் றோல் வேறு. ஹொட் றோல் தகட்டின் மேலிருக்கும் கருநீலச் செதிளை அமிலத்தில் கழுவி எடுத்துவிட்டு, சூடாக்காமலே உருளையில் விட்டு ஐம்பது முதல் எண்பது வீதம் வரை தடிப்பைக் குறைப்பார்கள். இங்கே புது மணி பிறக்க வழியில்லை, இருக்கிற மணிகள் நசுங்கி நீள வேண்டியதுதான். கணக்கு எளிது. 25 மைக்ரோமீற்றர் மணி உள்ள தகட்டை அரைவாசித் தடிப்புக்கு உருட்டினால், அந்த மணி 12.5 மைக்ரோமீற்றர் உயரமும் 50 மைக்ரோமீற்றர் நீளமும் ஆகும். நீளம் உயரத்தைப் போல நாலு மடங்கு.

வடிவம் மாறுவது வெளிக்கதை. உள்ளே அணு வரிசைகளில் டிஸ்லொகேஷன் என்கிற பிசகுகள் இருக்கின்றன, உலோகம் வளைவதே இந்தப் பிசகுகள் நகர்வதால்தான். 1934இல் டெய்லர், ஒரோவன், பொலானி என்ற மூவரும் தனித்தனியாக இதை முன்வைத்தார்கள். உருட்ட உருட்ட இவை ஆயிரக்கணக்கான மடங்கு பெருகி, சுருட்டி வீசின மீன்வலை மாதிரி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. நகர வழியில்லாத பிசகு இரும்பை வளைய விடாது, அதனால்தான் கடினம் ஏறுகிறது. காய்ச்சி ஆறவிட்ட மெல்லுருக்கு விக்கர்ஸ் என்கிற கடின அளவில் நூறு, நூற்றிருபது காட்டும், நன்றாக உருட்டின பிறகு இருநூறைத் தாண்டும். ஆனால் இழுபடும் குணம் அதே வேகத்தில் குறைந்துபோகும். உருட்டச் செலவான சக்தியில் பெரும்பகுதி சூடாக வெளியேறிவிடும் (உருளையிலிருந்து வரும் பட்டியைத் தொட்டால் சுடும்), சில வீதம் மட்டும் இந்தச் சிக்கலாக உள்ளே தங்கும். பிறகு காய்ச்சும்போது புது மணி பிறக்கத் தேவையான உந்துதல் அந்தத் தங்கின சக்திதான்.

ஆணியை வைத்துத் தொடங்குங்கள்

துத்தநாகம் பூசாத, சாதாரண மினுங்கல் ஆணி மூன்று எடுங்கள். துத்தநாகம் பூசினதைக் காய்ச்சினால் வெள்ளைப் புகை வரும், அதை மூச்சில் இழுத்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும், ஆகவே கூரைத் தகரம், ஜி.ஐ. கம்பி எதையும் நெருப்பில் வைக்காதீர்கள்.

ஒன்றை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டையும் சிரட்டைக் கரி நெருப்பில் மங்கின சிவப்பு வரும்வரை சூடாக்கி, அரை மணி நேரம் அதே நிறத்தில் வைத்திருந்துவிட்டு, ஒன்றைச் சாம்பலுக்குள் புதைத்து ஆறவிடுங்கள். இன்னொன்றை இன்னும் சூடாக்கிப் பளிச்சென்ற செம்மஞ்சள் வரும்வரை கொண்டுபோய், அங்கே நெடுநேரம் வைத்து, அதையும் சாம்பலில் ஆறவிடுங்கள். எதையும் தண்ணீரில் போட வேண்டாம், அது வேறு பாடம்.

பகல் வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும், அதனால் நிழலான மூலையில் அல்லது பொழுது பட்ட பிறகு செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் மங்கல் சிவப்பு சுமார் 550 பாகை, செர்ரிச் சிவப்பு 750க்குப் பக்கம். இதைவிட நம்பகமானது காந்தம். இரும்பு 770 பாகையில் காந்தத்தில் ஒட்டும் குணத்தை இழக்கும். பழைய ஸ்பீக்கரின் கருங்காந்தத்தைக் கம்பியில் கட்டி ஒரு கணம் தொட்டுப் பாருங்கள்: ஒட்டினால் 770க்குக் கீழே, ஒட்டாவிட்டால் மேலே. புதுவகை வெள்ளிநிறக் காந்தங்கள் சூடு பட்டால் சீக்கிரம் பலமிழந்துவிடும், அவற்றைக் கொண்டுபோகாதீர்கள்.

ஆறின பிறகு மூன்றையும் ஒவ்வொன்றாக வைஸில் பிடித்து, குறட்டால் தொண்ணூறு பாகை வளைத்து விடுங்கள். காய்ச்சாத ஆணி எவ்வளவு பின்னால் துள்ளித் திரும்புகிறது, காய்ச்சினது எவ்வளவு வளைத்த இடத்திலேயே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு அரத்தால் லேசாக ஒரு இழுப்பு. நுணுக்குக்காட்டி இல்லாத பட்டறையில் இந்த இரண்டு சோதனையும் போதும், காய்ச்சல் சரியாகப் பிடித்ததா என்று கைக்கே தெரிந்துவிடும்.

உண்மையான உருட்டல்

ஆணி இழுத்த கம்பி. மணி நீளுவதும் சிக்கல் பெருகுவதும் இழுத்தாலும் உருட்டினாலும் ஒன்றுதான், என்றாலும் உருட்டல் என்று சொல்லிவிட்டு உருட்டாமல் விடுவது சரியில்லை. அதற்கு நகை செய்பவர்கள் பொன் தகடு உருட்டும் கைமெஷின் நல்லது. பத்தர் ஒருவரிடம் மரியாதையாகக் கேட்டு, அவர் முன்னிலையிலேயே செய்யுங்கள். அவருடைய உருளையில் ஒரு கீறல் விழுந்தால் அதற்குப் பிறகு உருட்டும் ஒவ்வொரு பொன் தகட்டிலும் அந்தக் கீறல் பதியும், அதனால் அவர் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். கட்டுக்கம்பியின் மேலுள்ள கருஞ்செதிளைத் தண்ணிப் பேப்பரால் முழுக்கத் தேய்த்து எடுத்துத் துடைத்துவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். வாள் அலகு, ஸ்பிரிங் போன்ற கடினமான உருக்கை அந்த உருளைக்குள் ஒருபோதும் விடாதீர்கள்.

1.6 மில்லிமீற்றர் கட்டுக்கம்பியை, ஒவ்வொரு முறையும் 0.1 மில்லிமீற்றருக்கு மேல் இறக்காமல், 0.8 மில்லிமீற்றர் தட்டைப் பட்டியாக்குங்கள். பிறகு அதை 650, 700 பாகையில் ஒரு மணி நேரம் காய்ச்சி ஆறவிடுங்கள், பழைய சிக்கல் எல்லாம் கலைந்து, கணக்கு பூச்சியத்திலிருந்து தொடங்கும். செதிளை மறுபடி எடுத்துவிட்டு இரண்டு துண்டாக வெட்டுங்கள். ஒரு துண்டை 0.8இலிருந்து 0.4க்கு உருட்டுங்கள், இது ஐம்பது வீதக் குறைப்பு. இன்னொன்றை 0.8இலிருந்து 0.75க்கு மட்டும், அதாவது ஆறு வீதம் சொச்சம். தொடக்கத் தடிப்பிலிருந்து முடிவுத் தடிப்பைக் கழித்துத் தொடக்கத் தடிப்பால் வகுப்பதுதான் கணக்கு. தடிப்பை வேர்னியரால் மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். ஒடுங்கின பட்டி கொஞ்சம் அகலமாகவும் பரவும், அது பரவாயில்லை.

இரண்டாவது துண்டை ஏன் இவ்வளவு கொஞ்சமாக உருட்டச் சொல்கிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன், தயவுசெய்து அதைத் தவிர்க்காதீர்கள்.

உருட்டின திசையை ஒவ்வொரு துண்டிலும் அம்புக்குறியாகக் கீறி வையுங்கள். இதை விட்டால் பிறகு எந்தப் படத்தையும் படிக்க முடியாது.

காய்ச்சும்போது நடக்கும் மூன்று கட்டம்

ஐம்பது வீதம் உருட்டின பட்டியை ஐந்தாக வெட்டுங்கள். ஒன்று காய்ச்சாமல். மற்றவை 400, 550, 680, 950 பாகையில். கல்லூரிச் சூளையில் வெப்பநிலையைப் பிடித்து வைக்கலாம் என்பதால் இதை அங்கே செய்வது நல்லது. முதல் மூன்றுக்கும் ஒரு மணி நேரம், கடைசிக்கு மூன்று மணி நேரம். சின்ன மண் சட்டியில் கரித்தூள் போட்டு, அதற்குள் பட்டியைப் புதைத்து, மூடியை ஈரக் களிமண்ணால் லேசாகப் பூசினால் செதிள் குறையும். 950க்குப் போகும் துண்டைக் கரித்தூளில் வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் கரியின் காபன் இரும்புக்குள் இறங்கிவிடும், மணல் போதும். காற்றுப் புகாமல் இறுக்கி அடைத்த இரும்புக் குழாய்க்குள் எதையும் வைத்துக் காய்ச்ச வேண்டாம், அது வெடிக்கும்.

400 பாகைத் துண்டைப் பிறகு நுணுக்குக்காட்டியில் பார்த்து நீங்கள் ஏமாந்து போவீர்கள். மணி அப்படியே நீண்டபடி கிடக்கும், கடினமும் பெரிதாகக் குறைந்திருக்காது. ஆனால் உள்ளே வேலை நடந்திருக்கிறது. சிக்கிக் கிடந்த பிசகுகளில் ஒரு பகுதி ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, மீதி ஒழுங்காக வரிசை கட்டி மணிக்குள் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிந்திருக்கும். உள் இழுவிசை பெருமளவு தணிந்திருக்கும். சாதாரண நுணுக்குக்காட்டிக்கு இது தெரியாது. இதை மீட்சி என்கிறார்கள். கூரைக்குப் போகும் ஜி550 வகை மெல்லிய தகடு இப்படித்தான், நன்றாக உருட்டிவிட்டு, புது மணி முழுக்கப் பிறக்கும் அளவுக்குச் சூடாக்காமல் நிறுத்தியிருப்பார்கள். அதனால் மெல்லிதாக இருந்தும் பலமாக நிற்கிறது, அதே காரணத்தால் கூராக மடித்தால் மடிப்பில் வெடிப்பு விழுகிறது. தகரம் மடிக்கும்போது மடிப்புக் கோடு உருட்டின திசைக்குக் குறுக்காக விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள், திசையோடு சேர்த்து மடித்தால் சீக்கிரம் வெடிக்கும்.

550இல் கதை மாறும். நீண்ட பழைய மணிகளின் எல்லைகளிலும், அதிகம் நசுங்கின கோடுகளிலும், சின்னச் சின்னப் புது மணிகள் சுத்தமாக, வெளிறித் தெரியத் தொடங்கும். பாதி பழசு, பாதி புதுசு. நான் எல்லோரையும் அதிகம் நேரம் பார்க்கச் சொல்வது இந்தத் துண்டைத்தான். உங்கள் உருக்கில் 550இல் எதுவும் தொடங்கியிருக்காவிட்டால் 580, 600 என்று ஏற்றிப் பாருங்கள், காபன் அளவும் மற்றக் கலப்புகளும் உருட்டின அளவும் இதைத் தள்ளும். அதிகம் உருட்டினது குறைந்த சூட்டிலேயே மாறும். நேரத்தை இரட்டிப்பாக்குவதும் சூட்டைப் பத்துப் பாகை உயர்த்துவதும் ஏறத்தாழ ஒன்று, ஆகவே அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டுவதைவிடப் பொறுமையாக வைத்திருப்பது நல்ல வழி. 680இல் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நீண்ட மணி எதுவும் மிச்சமிருக்கக் கூடாது, எல்லாம் சமவடிவ மணி, கடினம் பழைய நிலைக்கு இறங்கியிருக்கும். இது மறுபளிங்காதல். 727க்குக் கீழே என்பதால் பியர்லைட் கரையவில்லை என்பதைக் கவனியுங்கள். உருட்டலில் உடைந்து வளைந்த சிமென்டைட் தட்டுகள், நெடுநேரம் வைத்தால், உருண்டைகளாகத் திரண்டிருக்கும்.

950 துண்டு முழுக்க ஒஸ்டெனைட்டாகி, மூன்று மணி நேரம் அங்கேயே கிடந்து, மெல்ல ஆறி மறுபடி ஃபெரைட்டும் பியர்லைட்டுமாகப் பிரிந்தது. உருட்டலின் அடையாளம் எதுவும் இருக்காது, மணியும் பெருத்திருக்கும். பெரிய மணி சின்ன மணியைத் தின்றுதான் வளரும். மணி பெருத்தால் பலம் குறையும். 1951இல் ஹோல், 1953இல் பெட்ச் இருவரும் காட்டியபடி, மணியின் விட்டத்தின் வர்க்கமூலம் எவ்வளவு சிறிதோ அவ்வளவு பலம் கூடும். அத்தோடு பெரிய மணி உள்ள உருக்கு அடிக்கு எளிதில் வெடிக்கும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது சீனக்குடாவில் எண்ணெய்த் தொட்டி எரிந்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். அப்படியான தீயில் உருக்குத் தகடு நிற்க முடியாமல் நெளிந்து சரிவதற்கு முக்கிய காரணம் சூட்டில் உருக்கே இளகுவதுதான், நேரம் நீள நீள மணியும் பெருக்கலாம்.

இனி அந்த ஆறு வீதத் துண்டு. அதை 700இல் ஒரு மணி நேரம் காய்ச்சுங்கள். ஐம்பது வீதத் துண்டைவிட மிகப் பெரிய மணிகளைப் பார்ப்பீர்கள், சில வேளை கண்ணாலேயே தெரியும் அளவுக்கு. கொஞ்சமாக உருட்டினால் புது மணி பிறக்கும் இடங்கள் மிகச் சில, அந்தச் சிலது போட்டியில்லாமல் பெருத்துவிடும். இரண்டு முதல் பத்து வீதம் வரையான இந்த இடைவெளி பட்டறைக்காரருக்குப் பெரிய பொறி. தகட்டைச் சின்னதாக வளைத்து நிமிர்த்திவிட்டு, "எதற்கும் ஒருமுறை காய்ச்சுவோம்" என்று காய்ச்சினால் வளைத்த இடம் மட்டும் பெருமணியாகி, அடுத்த முறை இழுக்கும்போது மேற்பரப்பு தோடம்பழத் தோலாகப் பொருமி நிற்கும். காய்ச்சுவதென்றால் நன்றாக உருட்டிவிட்டுக் காய்ச்சுங்கள், இல்லாவிட்டால் காய்ச்சாதீர்கள்.

பார்ப்பதற்குத் தயார்படுத்துவது

எந்தப் பக்கத்தைப் பார்ப்பது? பட்டியின் தட்டை முகத்தை அல்ல. உருட்டின திசையோடு சேர்ந்து, தகட்டுக்குச் செங்குத்தாக வெட்டின பக்க முகத்தைப் பாருங்கள், அங்கேதான் நாலுக்கு ஒன்று என்ற நீட்சி முழுதாகத் தெரியும். தட்டை முகத்தில் பார்த்தால் நீட்சி அதில் பாதிதான் தெரியும்.

மெல்லிய பட்டியைக் கையில் பிடித்துத் தேய்க்க முடியாது, ஏதாவது ஒன்றுக்குள் பதிக்க வேண்டும். இதற்கு நம் ஊரில் கவலையில்லை. ஃபைபர் வள்ளம் பழுது பார்க்கும் இடத்தில் பொலியெஸ்டர் ரெசினும் அதன் ஹாட்னரும் கிடைக்கும். ஒரு அங்குல பி.வி.சி. குழாயில் இரண்டு சென்றிமீற்றர் வளையம் வெட்டி, கண்ணாடித் தகட்டில் கிறீஸ் தடவி நிறுத்தி, பட்டிகளைப் பக்கவாட்டாக உள்ளே நிற்கவைத்து ஊற்றுங்கள். ஹாட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். ஹாட்னரைக் கூட்டினால் ரெசின் கொதித்து வெடிக்கும், கடைக்காரர் சொல்லும் அளவைவிடக் குறைவாகவே போட்டு ஒரு இரவு விடுங்கள்.

பிறகு தண்ணிப் பேப்பர், வாகனத்துக்கு பெயின்ட் அடிப்பவர்கள் பாவிப்பதுதான்: 240, 400, 600, 1000, 1500, 2000. கண்ணாடி மேல் பேப்பரை வைத்து, தண்ணீர் ஓடவிட்டு, ஒரே திசையில் தேய்க்க வேண்டும். அடுத்த பேப்பருக்குப் போகும்போது துண்டைத் தொண்ணூறு பாகை திருப்புங்கள், முந்தின கீறல் ஒன்றுகூட மிச்சமில்லாமல் மறையும்வரை அதே பேப்பரில் நில்லுங்கள். புதிதாகச் செய்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். 240இன் கீறலை 2000 எடுக்காது. கடைசியில் மூன்று மைக்ரோன், பிறகு ஒரு மைக்ரோன் வைரப் பசையைத் துணியில் தடவி மினுக்குங்கள். முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி வர வேண்டும்.

நம் ஊரில் இதற்கு ஒரு எதிரி இருக்கிறது, கடல் காற்று. வாடைக் காலத்தில், உட்துறைமுகப் பக்கம் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு மினுக்கினால், கழுவிவிட்டுத் துடைப்பதற்குள் செம்புள்ளி விழும். கழுவின உடனே ஸ்பிரிட் ஊற்றி, தலைமயிர் காயவைக்கும் மெஷினால் ஊதி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் வையுங்கள். கடைசி மினுக்கலையும் அரிப்பையும் ஒரே அமர்வில் முடித்துவிடுவது நல்லது.

அரிக்க நைட்டல் வேண்டும், எதனோலில் இரண்டு வீதம் நைட்ரிக் அமிலம். இதை வீட்டில் கலக்காதீர்கள், கல்லூரி ஆய்வுகூடத்தில் பொறுப்பானவர் கலந்து தரட்டும். அமிலத்தைத்தான் எதனோலுக்குள் மெல்ல விட வேண்டும், செறிவைக் கூட்டக் கூடாது, போத்தலை இறுக்கி மூடி நாட்கணக்கில் வைக்கக் கூடாது. பஞ்சில் தொட்டு ஐந்து முதல் பதினைந்து விநாடி தடவுங்கள், மினுக்கம் மங்கிப் பால்நிறமாகும் கணத்தில் தண்ணீர், உடனே ஸ்பிரிட், உடனே காற்று. குறைந்தால் மறுபடி தொடலாம், கூடினால் 2000இலிருந்து தேய்க்க வேண்டும்.

நுணுக்குக்காட்டி மேலிருந்து வெளிச்சம் அடிக்கும் உலோகவியல் வகையாக இருக்க வேண்டும். உயிரியல் ஆய்வுகூடத்தில் இருப்பது கீழிருந்து வெளிச்சம் அனுப்பும், இரும்புக்குள்ளால் அது வராது. முதலில் நூறு மடங்கு, பிறகு நானூறு.

மணியை அளப்பது

நூறு மடங்கில் எடுத்த படத்தில் பத்து சென்றிமீற்றர் நேர்கோடு கீறுங்கள். உண்மையில் அது ஒரு மில்லிமீற்றர். அந்தக் கோடு எத்தனை மணி எல்லையைக் கடக்கிறது என்று எண்ணுங்கள். நாற்பது என்றால் சராசரி 25 மைக்ரோமீற்றர், மணியின் பருமனுக்கு எண் கொடுக்கும் ஏ.எஸ்.டி.எம். என்கிற அமெரிக்கத் தர அளவில் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே. ஐந்தாறு கோடு வெவ்வேறு இடத்தில் கீறிச் சராசரி எடுங்கள். உருட்டின துண்டில் திசையோடு ஒரு கணக்கு, தடிப்போடு ஒரு கணக்கு, இரண்டையும் வகுத்தால் நீட்சி கிடைக்கும், நீங்கள் வேர்னியரால் அளந்த குறைப்போடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. நீண்ட மணி தெரிந்தால் காய்ச்சவில்லை என்று உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். வாகன உடலுக்குப் போகும், அலுமினியம் சேர்த்த தகட்டைச் சுருளாக மூடிச் சூளையில் நாட்கணக்கில் மெல்லச் சூடாக்கும்போது அலுமினியம் நைட்ரைட் துணுக்குகள் மணி எல்லைகளைத் தடிப்புத் திசையில் நகரவிடாமல் பிடிக்கும், அதனால் புதிதாகப் பிறந்த மணியே தோசை மாதிரித் தட்டையாக வளரும். கடினத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்: தட்டையாகவும் மெதுவாகவும் இருந்தால் காய்ச்சினது, தட்டையாகவும் கடினமாகவும் இருந்தால் காய்ச்சாதது. ஓரத்தில் மட்டும் கருமை இல்லாமல் வெள்ளையாக ஒரு பட்டை ஓடினால் அது சூளையில் காபன் எரிந்துபோன தோல், அதை அளவில் சேர்க்காதீர்கள்.

நுணுக்குக்காட்டியே கிடைக்காதவர்களுக்கு

வீடு கட்டும் இடத்தில் மிஞ்சின கொங்கிரீட் கம்பித் துண்டு ஒன்றை எடுங்கள், 12 அல்லது 16 மில்லிமீற்றர். குறுக்காக வாளால் அறுத்து (கிரைண்டரால் அறுத்தால் சூடு ஏறி விளிம்பு கெடும்), 1000 பேப்பர் வரை தேய்த்து நைட்டல் தடவுங்கள். இன்றைய கம்பிகளில் பெரும்பாலானவற்றில் விளிம்பைச் சுற்றிக் கருமையான வளையமும் நடுவில் வெளிறின வட்டமும் கண்ணாலேயே தெரியும். சூட்டில் உருட்டி முடிந்த கணத்தில் கம்பியைத் தண்ணீர்ப் பெட்டிக்குள்ளால் விடுவார்கள், தோல் உடனே ஆறி மார்ட்டென்சைட் என்கிற மிகக் கடினமான அமைப்பாகும், பிறகு நடுவிலிருக்கும் சூடு வெளியே வந்து அந்தத் தோலைப் பதப்படுத்தும். நடு மெல்ல ஆறி ஃபெரைட்டும் பியர்லைட்டுமாகும். கம்பியின் பலத்தில் கணிசமான பங்கு அந்த வளையத்தில் இருக்கிறது.

இப்போது அதே கம்பியிலிருந்து இன்னொரு துண்டைச் செந்நிறமாகக் காய்ச்சிச் சாம்பலில் ஆறவிட்டு அறுத்துத் தேய்த்துப் பாருங்கள். வளையம் இருக்காது. கம்பியை வளைக்கச் சிரமம் என்று கட்டுமானத் தளத்தில் நெருப்புக் காட்டும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அவர்களிடம் இந்த இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். வளைப்பதென்றால் குளிரிலேயே, போதுமான விட்டமுள்ள முளையைச் சுற்றி, மெல்ல வளைக்க வேண்டும், தூணுக்குப் போகும் கம்பி என்றால் அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். மினுக்கின முகத்தில் வெறுமையான நெயில் பொலிஷ் ஒரு பூச்சுப் பூசி, உருட்டின வீதம், காய்ச்சின பாகை, நேரம், அம்புக்குறி எல்லாம் எழுதின சீட்டோடு டப்பாவில் வைத்தால், தேவைப்படும்போது அசிட்டோனால் துடைத்துவிட்டு அடுத்த வருடப் பிள்ளைகளுக்கும் காட்டலாம்.